முழங்கால் தண்ணீர்

காட்டாறு வளைந்து திரும்பும் புல்வெளியில் கௌதாரிகள் கூடு வைத்திருந்தன. மலையில் மழை பெய்தால், இங்கே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். பெரிய பறவைகள் பறந்து தப்பிக்கும். முட்டைகளும் குஞ்சுகளும் என்ன செய்யும்?

செம்பி என்ற தாய்க் கௌதாரி, மேட்டின் மேலிருந்த காட்டுக் கல்லூரிக்கு உதவி கேட்டு வந்தது. அங்கே மென்பொருள் பொறியியல் சொல்லிக் கொடுத்தவர் கயலன் என்ற நீர்நாய். கரையில் நின்று யாரும் நீந்தக் கற்றுக்கொண்டதில்லை என்பார் அவர். அதனால் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு பங்காக நிஜமான வேலையைச் செய்ய வைப்பார்.

செம்பியின் வேலை இரண்டு மாணவர்களுக்குக் கிடைத்தது. ஒன்று தும்பன் என்ற யானைக்கன்று. இன்னொன்று மருதி என்ற சருகுமான். சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரிதாக இருக்கும்.

"முழங்கால் தண்ணி வந்ததுமே எங்களுக்குச் சொல்லிடுங்க, கண்ணுங்களா" என்றது செம்பி. "அப்பவே கிளம்பினாத்தான் குஞ்சுகளை மேட்டுக்கு நடத்திக்கிட்டுப் போக முடியும்."

"முழங்கால் தண்ணி. சரி" என்றது தும்பன்.

"முழங்கால் தண்ணி. புரிஞ்சுது" என்றது மருதி.

இரண்டும் வேலையைப் பிரித்துக்கொண்டன. ஆற்றின் ஓரத்தில் அளவுகோல் நட்டு, தண்ணீர் குறியைத் தொட்டதும் செய்தி அனுப்புவது தும்பனின் பகுதி. செய்தி வந்ததும் புல்வெளியில் சங்கு ஊத வைப்பது மருதியின் பகுதி.

மருதி மளமளவென்று எழுதும். தும்பன் நிதானம். ஒருநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மருதி சொல்லிவிட்டது: "இவன் எழுதி முடிக்கிறதுக்குள்ள ஆறே வத்திடும்."

வகுப்பு சிரித்தது. தும்பன் எழுந்து வெளியே போனது. அதன்பிறகு அது ஆற்றங்கரையிலேயே வேலை செய்தது. மருதி அறையை விட்டு இறங்கவில்லை. 'என் பகுதி சரியாக இருந்தால் போதாதா?' என்று நினைத்துக்கொண்டது.

வேலை முடிந்ததும் கயலன் கேட்டார். "ரெண்டையும் சேத்து ஆத்துல ஓட்டிப் பாத்தீங்களா?"

"என் பகுதி நல்லா ஓடுது, சார்" என்றது தும்பன்.

"என்னுதும்தான், சார்" என்றது மருதி.

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது அவருக்கும் தெரியும். ஆனால் இன்னும் பல குழுக்கள் வரிசையில் நின்றன. தும்பன் தும்பிக்கையால் தண்ணீரை மொண்டு குறியின் மேல் ஊற்றிக் காட்டியது, செய்தி போனது. மருதி தானே ஒரு செய்தியை அனுப்பிக் காட்டியது, சங்கு ஊதியது. கயலன் இரண்டுக்கும் தனித்தனியாக முழு மதிப்பெண் போட்டார்.

கௌதாரிகளுக்கு ஒரே நிம்மதி. அதுவரை பகல் முழுவதும் ஆற்றைப் பார்த்தபடி ஒரு பறவை காவல் நிற்கும். இனி எதற்கு என்று அதை எடுத்துவிட்டன. சங்கை நம்பி எல்லாம் தூரத்துக்கு இரை தேடப் போயின.

ஒரு நண்பகல். கல்லூரியின் சன்னலருகே உட்கார்ந்திருந்த மருதி தற்செயலாகக் கீழே பார்த்தது. ஆறு செம்மண் நிறமாக இருந்தது. கரையைத் தாண்டிப் புல்லுக்குள் பரவிக்கொண்டிருந்தது. கணினித் திரையில் மட்டும் 'அபாயம் இல்லை' என்றே இருந்தது.

தும்பனின் பகுதிதான் கெட்டிருக்கும் என்று மருதிக்குக் கோபம் வந்தது. மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கியது. புல்வெளியில் கால் வைத்ததும் தண்ணீர் வயிற்றைத் தொட்டது. அளவுகோலை நெருங்கும்போது கழுத்துக்கு வந்துவிட்டது. கோலின் பக்கத்தில் தும்பன் குறியையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது.

"ஏன்டா செய்தி அனுப்பல?"

தும்பன் குழம்பிப்போய்க் குனிந்து தன் காலைப் பார்த்தது. "இன்னும் முழங்காலே வரலையே, மருதி."

மருதியும் பார்த்தது. தும்பன் சொன்னது உண்மை. கோலில் இருந்த குறி மருதியின் தலைக்கு மேலே இருந்தது. அதன் கோபம் போய்விட்டது.

இரண்டும் உடனே குஞ்சுகளைத் தேடின. தும்பன் தும்பிக்கையால் துழாவித் துழாவிக் குஞ்சுகளை எடுத்துத் தன் தலைமேல் வைத்தது. மருதி நீந்திப்போய், புல் நுனிகளைப் பற்றிக்கொண்டிருந்தவற்றை வாயால் கவ்வி வந்தது. இரையோடு திரும்பிய செம்பி, கூடு இருந்த இடத்துக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியது. அதன் குஞ்சுகளில் ஒன்றுதான் கிடைத்தது. முட்டைகள் எதுவும் கிடைக்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின் கயலன் செம்பியிடம் போனார். "தனித்தனியா சரியா இருந்ததைப் பாத்துட்டு, சேந்தும் சரியா இருக்கும்னு நான்தான் விட்டுட்டேன். பசங்களைச் சொல்லிக் குத்தமில்லை."

"எங்களையும் சொல்லணும், சார்" என்றது மருதி. பிறகு தும்பன் பக்கம் திரும்பியது. "அன்னிக்கு வகுப்புல நான் அப்படிப் பேசினது தப்பு. பேச்சு விட்டுப்போகலைன்னா, கோல் நடும்போது நானும் உன்கூட ஆத்துல நின்னிருப்பேன்."

தும்பன் தும்பிக்கையை மெல்ல அதன் முதுகில் வைத்தது.

மூவரும் செம்பியோடு ஆற்றுக்குப் போனார்கள். மருதி கேட்டுக்கொண்டபடி செம்பி கோலருகே தண்ணீருக்குள் இறங்கி நின்றது. அதன் முழங்கால், மருதியின் குளம்புக்குச் சற்று மேலேதான் இருந்தது. மருதி தன் முழங்காலைக் குறியாக வைத்திருந்தாலும் வெள்ளம் குஞ்சுகளின் தலையைத் தாண்டிப் போயிருக்கும்.

தும்பன் பழைய குறியை அழித்துவிட்டுப் புதிய குறியைப் போட்டது. எல்லோரும் நின்று பார்க்க, மலை மழையில் தண்ணீர் மறுபடி ஏறி அதைத் தொட்டதும் புல்வெளியில் சங்கு ஊதியது.

சங்கு ஓய்ந்ததும் செம்பி அவர்கள் பக்கம் திரும்பியது.

"முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா, அன்னிக்கே வந்து நின்னிருப்பேனே, கண்ணுங்களா" என்றது.

கூடிச் செய்யும் வேலையில், ஒரே சொல்லை எல்லோரும் ஒரே பொருளில்தான் சொல்கிறோமா என்று கேட்டுத் தெளியாவிட்டால், அவரவர் பங்கு சரியாக இருந்தும் வேலை கெட்டுப்போகும்.