அறுக்காத பயிர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் வம்பு வந்து சேரும் ஒரு நாட்டில், ஒரு ராஜா இருந்தார். அரண்மனைக் களத்தில் உளுந்தும் பயறும் குவிந்து கிடப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "நம் வயலில் நெல்லைத் தவிர வேறெதையும் அறுவடை செய்யக்கூடாது. மீறினால் தலை போகும்" என்று ஆணையிட்டார்.

போகத்துக்குப் போகம் நெல்லே விளைந்தது. பிறகு அதுவும் குறைந்தது. மண் செங்கல்லாக இறுகிப்போனது.

சபையில் ராஜா காரணம் கேட்டபோது, அரசவைக் கோமாளி சடையாண்டியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. அந்த வாயால் அவன் இழந்த பரிசுகளைச் சேர்த்திருந்தால் ஒரு மாளிகையே கட்டியிருக்கலாம்.

"மகாராஜா, மண்புழுக்கள் வயலைவிட்டு ஓடிவிட்டன. எப்போதும் ஒரே சாப்பாடு என்றால், சோற்றுக்கு அலையும் என்னைப் போன்றவன்கூட ஓடிவிடுவான். ஒரு போகம் பயிரை மாற்றிப் பாருங்கள்."

சபையே சிரித்தது. பிரதானி சிங்கராயர் மட்டும் சிரிக்கவில்லை. ராஜாவுக்குப் பக்கத்தில் கோமாளிக்கு ஆசனம் கிடைத்த நாளிலிருந்தே அவருக்கு வயிற்றெரிச்சல்.

"பிரபு, சடையாண்டியே புழுக்களைத் திரும்ப அழைத்து வரட்டும். வெளியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கொட்டக்கூடாது. தங்கள் ஆணையையும் மீறக்கூடாது. அடுத்த நடவுக்குள் முடியாவிட்டால் தலையை எடுத்துவிடலாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா, சிரிப்பு அடங்காமல்.

சடையாண்டி வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் தன் தலையைப் பார்த்தான். அழகான தலை இல்லைதான். ஆனால் மாற்றுத் தலையும் இல்லையே.

"உங்க தலையில அப்படி என்னதான் இருக்குன்னு அதைக் கேக்குறாங்க?" என்றாள் மனைவி வடிவாச்சி.

ராஜாவின் ஆணையை முணுமுணுத்துக்கொண்டே நடை போட்டவன், சட்டென்று நின்று சிரித்தான்.

மறுநாளே அரண்மனை வயலில் தக்கைப்பூண்டு என்னும் தழைச்செடியை விதைத்தான். அது இடுப்பளவு வளர்ந்து பூவெடுத்ததும், அப்படியே மண்ணுக்குள் மடக்கி உழுதான். மழை பெய்தது. நடவும் நெருங்கியது.

சிங்கராயர் ராஜாவை வயலுக்கே அழைத்து வந்தார். "பாருங்கள் பிரபு! தங்கள் ஆணையை மீறி வேறு பயிர் வைத்திருந்தான். ஊரே சாட்சி!"

ராஜாவின் முகம் சிவந்தது. "உண்மையா, சடையாண்டி?"

"விதைத்தேன் மகாராஜா. ஆனால் தங்கள் ஆணை அறுவடையைப் பற்றியது. அடியேன் ஒரு தழையைக்கூட அறுக்கவில்லை. எல்லாவற்றையும் மண்ணுக்கே பரிமாறிவிட்டேன். என் சோம்பேறித்தனம் நாடறிந்தது. நான் அறுவடை செய்தேன் என்றால் யார் நம்புவார்கள்?"

சொல்லிவிட்டு மண்வெட்டியைச் சிங்கராயர் கையிலேயே கொடுத்தான். அவர் ஒரு வெட்டு வெட்டினார். பொலபொலவென்று புரண்ட மண்ணில் புழுக்கள் நெளிந்தன. வரப்போரம் ஒதுங்கியிருந்தவை, மட்கிய தழையைத் தின்னத் திரும்பியிருந்தன. சிங்கராயர் வேறோர் இடத்தில் ஆத்திரமாக வெட்டினார். அங்கே இன்னும் அதிகமாக நெளிந்தன.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். தன் பட்டுச் சால்வையைச் சடையாண்டிக்குப் போர்த்தினார். "இந்த யோசனையை அன்றைக்கே சபையில் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன் மகாராஜா. எல்லோரும் சிரித்தீர்கள். அடியேன் பிழைப்பில் உள்ள கோளாறு அது. நான் வாயைத் திறந்தாலே வேடிக்கையாகிவிடுகிறது."

ராஜா அதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே, இனி நெல்லுக்குப் பின் ஒரு போகம் வேறு பயிர் என்று ஆணையையும் மாற்றினார். சடையாண்டி சால்வையைவிடத் தலையைத்தான் அதிகம் தடவிப் பார்த்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான்.