டப்பாவின் காவல்காரர்

செசிலியின் மரக் கடைசல் பட்டறைக்குத் தொழில் பழக வந்த ஞானமுத்து அவளைவிட வயதில் மூத்தவர். அதுவரைக்கும் நூற்பாலை வாசலில் வாட்ச்மேனாக இருந்தவர். பூட்டைப் பூட்டினால் அவருக்குப் போதாது. போகும்போதும் வரும்போதும் இழுத்துப் பார்த்தால்தான் கைக்கு நிம்மதி.

அவர் பொறுப்பில் அவள் விட்டது ஒரே ஒரு டப்பா. தேன்மெழுகை டர்பென்டைனில் கரைத்துச் செய்த மெருகுப் பசை. "காய விட்டுறாதிய, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

அன்று சாயங்காலம் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குத் தொட்டில் போயாக வேண்டும். கம்புகளெல்லாம் கடைந்தாயிற்று, மெருகு ஏற்றுவதுதான் பாக்கி. டப்பாவைத் திறந்தால் பசை கருங்கல்லாகக் கிடந்தது. நகம்கூட இறங்கவில்லை.

ஞானமுத்துவுக்கு முகம் செத்துவிட்டது. போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"எங்க கிளம்பிட்டிய?"

"வீட்டுக்கு. ஒரு டப்பாவைக் காக்கத் துப்பில்லாதவனுக்கு இங்க என்ன வேலை, மேஸ்திரியம்மா?"

"மூடியைச் சரியா மூடலியோ?"

"மூடாமலா? காஞ்சிருமோ காஞ்சிருமோன்னு அரை மணிக்கொரு தரம் திறந்து பாத்துட்டு, இறுக்கித்தான் மூடினேன்!"

செசிலி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த உளி நழுவி மரத்தூளில் விழுந்தது.

"திறக்கத் திறக்கப் பறந்து போனது டர்பென்டைன் மட்டும்தான். மெழுகு எங்கயும் போகல. தூக்கை வச்சிட்டு வாங்க."

அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதித்ததும் அணைத்தாள். பாத்திரத்தை நெருப்பில்லாத வாசல் பக்கம் கொண்டு வந்தாள். பசையைக் கத்தியால் சீவி, டர்பென்டைன் கொஞ்சம் விட்டு, மூடியை லேசாக மேலே வைத்து, டப்பாவை வெந்நீரில் உட்கார்த்தினாள்.

ஞானமுத்துவின் கை மூடியை நோக்கிப் போனது.

"அண்ணாச்சி."

கை திரும்பியது. கொஞ்ச நேரத்தில் மறுபடி கிளம்பியது.

அவள் ஒரு தொட்டில் கம்பையும் உப்புத்தாளையும் எடுத்து அவர் மடியில் போட்டாள். "தேயுங்க."

"இதைத்தான் காலையிலேயே தேச்சாச்சே!"

"கம்புக்கு வேண்டாம். உங்க கைக்கு வேணும்."

அவர் முனகிக்கொண்டே தேய்த்தார். ஒரு பாட்டுகூட வந்துவிட்டது. அவள் டப்பாவைத் திறந்து காட்டியபோது பசை வெண்ணெயாகக் குழைந்திருந்தது.

சூடு ஆறியதும் அவரே துணியில் தொட்டுப் பூசினார். ஒவ்வொரு கம்பாகப் பளபளத்தது. கம்புகளைப் பொருத்தி முடித்த தொட்டில் வாசல் வெயிலில் தங்கமாக நின்றது. டப்பாவை இறுக்கி மூடிப் பலகையில் வைத்தார். வைத்தவர் நகரவில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா, மேஸ்திரியம்மா? திறந்து பாக்காம, உள்ள நல்லாத்தான் இருக்குன்னு எப்படி நம்புறது?"

செசிலி தொட்டிலை ஒரு விரலால் ஆட்டி விட்டாள்.

"இன்னிக்கு ராத்திரி இதுல ஒரு புள்ள தூங்கும். நல்லாத் தூங்குதான்னு அதை எழுப்பிக் கேப்பியளோ?"