முதலில் பேசுகிறவள்

ஒரு விடுகதை சொல்கிறேன், விடை சொல்லுங்கள் பார்ப்போம்.

ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடுகிறார்கள். ஒருத்தி கைக்கு வந்தபோது ராணிச் சீட்டு பாரமாக இருந்தது. அதே ராணி அவள் பக்கத்தில் இருந்தவன் கைக்குப் போனதும் இறக்கை முளைத்த மாதிரி ஆகிவிட்டது. சீட்டு மாறவில்லை. மாறியது எது?

அந்த ஒருத்தியான வஞ்சிக்கும் விடை தெரியவில்லை. அவள் எழுந்து நின்று கத்தினாள்.

"அநியாயம்க்கா! சுத்த அநியாயம்!"

நப்பின்னை மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த குரு. வயதில் சின்னவர் என்பதால் பிள்ளைகள் 'அக்கா' என்றே கூப்பிட்டார்கள். அவர் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பொருளுக்குப் பலர் ஆசைப்பட்டால் அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். சீட்டுக்கட்டை எடுத்து நடுவில் வைத்துவிடுவார்.

அன்றைக்கு அந்தப் பொருள், உப்பு வண்டியில் ஓர் ஆள் உட்காரும் இடம்.

வண்டி சந்தைக்குப் போகிறது. மற்ற நாலு பேருக்கும் சந்தையைப் பார்க்க ஆசை. வஞ்சிக்குச் சந்தை வேண்டாம். போகிற வழியில் அவள் ஊர் இருக்கிறது. அங்கே அவளுக்குத் தம்பி பிறந்திருக்கிறான். அவன் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

ஆட்டம் எளிதுதான். எல்லாரிடமும் புளியங்கொட்டை இருக்கும். ஆளுக்கொரு கொட்டையை நடுவில் போட்டு, ஆளுக்கொரு சீட்டு வாங்க வேண்டும். முறை வரும்போது மேலும் கொட்டை வைக்கலாம். அல்லது சீட்டைக் கவிழ்த்து விலகலாம். ஒருவர் கூடுதலாக வைத்தால், மற்றவர்களும் அந்த அளவு வைக்க வேண்டும், இல்லையென்றால் விலக வேண்டும். நிற்பவர்களில் பெரிய சீட்டு வைத்திருப்பவருக்கு எல்லாம் போகும்.

வைப்பதா விலகுவதா என்று, சீட்டுப் போடுகிறவர் கடைசியில் பேசுவார். அவருக்கு வலப்பக்கம் இருப்பவர் முதலில் பேசுவார். முதலில் பேசினவருக்குத்தான் அடுத்த ஆட்டத்தில் சீட்டுப் போடும் முறை.

வண்டிக்காரர் மாடு பூட்டும்போது யாரிடம் கொட்டை அதிகமோ, அவருக்கு வண்டியில் இடம்.

"என் கையில ராணி இருந்துச்சு! ராணிக்கா! தைரியமா வச்சேன். பக்கத்துல உக்காந்திருக்கிற இந்தக் குவளை ராஜாவை வச்சுக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி பின்னாலேயே வந்தா. நான் மட்டும் முதல்ல வாயைத் திறக்கணும். இவங்கல்லாம் அதைக் கேட்டுட்டுச் சாவகாசமா யோசிப்பாங்க. இது என்ன நியாயம்?"

"யார் மேல கோபம்?" என்று கேட்டார் நப்பின்னை.

"இந்த இடத்து மேல!"

"இடத்தைத் திட்டினியா?"

"திட்டினேன்."

"என்ன சொல்லிச்சு?"

வஞ்சிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆதன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"உன்னை யாரும் கேக்கல. வாயை மூடு" என்றாள் வஞ்சி.

அடுத்த ஆட்டத்துக்குக் கட்டு அவளிடம் வந்தது. படபடவென்று சீட்டைப் போட்டாள். தன் சீட்டை எடுக்கக் கை நீட்டுவதற்குள், நப்பின்னை அதை எடுத்துத் தன் முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"அது என் சீட்டு!"

"உன்னுதுதான்."

"பாக்கணும்!"

"வேண்டாம். ஆடு."

"கண்ணைக் கட்டிட்டு ஓடச் சொல்றீங்களா?"

"கண்ணை யாரு கட்டினா?"

வஞ்சிக்குக் கோபத்தில் காது சிவந்தது. பார்க்கச் சீட்டு இல்லை. வேறு வழியில்லாமல் எதிரே இருந்த முகங்களைப் பார்த்தாள்.

குவளை தன் சீட்டைப் பார்த்தாள். முகம் சுளித்தாள். கவிழ்த்துவிட்டாள். அடுத்த இரண்டு பேரும் கவிழ்த்தார்கள். ஆதன் மூன்று கொட்டையைக் கையில் எடுத்தான். அப்புறம் இரண்டைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றை மட்டும் தள்ளினான்.

வஞ்சி ஒரு கை நிறைய அள்ளி நடுவில் வைத்தாள்.

"சீட்டைப் பாக்காமலே வைக்கிறா! பைத்தியமா இது?" என்றான் ஆதன்.

ஆனால் அவன் கை கொட்டைக்குப் போகவில்லை. தன் சீட்டை ஒரு தடவை பார்த்தான். அவளை ஒரு தடவை பார்த்தான். கவிழ்த்துவிட்டான்.

நப்பின்னை முழங்காலுக்கு அடியில் இருந்த சீட்டை எடுத்துக் காட்டினார்.

அது ரெண்டு. அதைவிடச் சின்னச் சீட்டு கட்டிலேயே கிடையாது.

"ரெண்டா? என் சீட்டு ஆறு! ஏமாத்துக்காரி!" ஆதன் துள்ளிக் குதித்தான்.

வஞ்சி அவனைக் கவனிக்கவில்லை. குருவிடம் திரும்பினாள். அவளுக்கு இன்னும் கோபம் போகவில்லை.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எதை?"

வஞ்சி ஜெயித்த கொட்டைகளை வெடுக்கென்று தன் பக்கம் இழுத்தாள். அந்தக் கேள்வியில் இன்னும் எரிச்சல் வந்தது.

ஆட்டம் சுற்றி வந்தது. மாடுகள் வைக்கோலைத் தின்று முடித்துத் தொட்டித் தண்ணீரைக் குடித்தன. இன்னும் ஓர் ஆட்டத்துக்கு நேரம் இருந்தது. வண்டிக்காரர் மெதுவாகக் கிளம்பினால் இரண்டு.

எல்லாரையும்விட ஆதனிடம் கொட்டை அதிகம். அவனுக்குச் சற்றுக் குறைவாக வஞ்சியிடம்.

இந்த முறை சீட்டுப் போட்டவன் ஆதன். வஞ்சி முதலில் பேச வேண்டும்.

அவள் சீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். ராணிக்கு ஒரு படி கீழான ஜாக்கி.

"என்ன மகாராணி, இந்தத் தடவை இடத்தைத் திட்டலியா?" என்றான் ஆதன். "வை பாப்போம். பயமா? உன் தம்பிக்கு நான் வேணும்னா போய் முத்தம் குடுத்துட்டு வரேன்."

குவளை களுக்கென்று சிரித்தாள்.

வஞ்சிக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கொட்டையை அள்ளிவிட்டாள். கை வட்டத்தின் நடுவரைக்கும் போய்விட்டது.

அங்கேயே நின்றது.

நாலு முகங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. வைப்பதா விலகுவதா என்று அவர்களில் ஒருவரும் இன்னும் சொல்லவில்லை.

வெளியே வண்டிக்காரர் நுகத்தடியை இன்னும் தொடவில்லை. தலைப்பாகையை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தார். அதை அவர் நிதானமாகக் கட்டினால் இன்னோர் ஆட்டம் உண்டு, சீட்டுக்கட்டு வஞ்சியிடம் வரும், அவள் கடைசியில் பேசலாம். அவசரமாகக் கட்டினால் இதுதான் கடைசி.

அவள் குருவைப் பார்த்தாள். நப்பின்னை மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் சொல்லு!" என்றான் ஆதன்.

வஞ்சி கொட்டையைத் திரும்பத் தன் பக்கம் போட்டுவிட்டு, ஜாக்கியைக் கவிழ்த்து வைத்தாள்.