திப்பியும் திப்பிலியும்

சுவடி மடத்தில் மனோன்மணி அம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் குழந்தைவேலு. குருவைவிட இருபது வயது மூத்தவர். நாற்பது வருஷம் பத்திரம் எழுதி ஓய்ந்த கை. இப்போது பழைய மருத்துவ ஏடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். கேள்வி கேட்க ஆரம்பித்தால் மனுஷன் லேசில் விடமாட்டார்.

அன்று காலை வந்தவர் ஏட்டைத் தொடவே இல்லை.

"அம்மா, மனுஷனும் குரங்கும் ஒரே வம்சம்னு சொல்றாங்களே, அதை யார் பார்த்தாங்க?"

"யார் சொன்னாங்க?"

"என் மகள் கயற்கண்ணிதான். உயிரியல் படிச்சவள். போன மாசம் சாப்பிடும்போது சொன்னாள். பேச்சு முத்திப்போச்சு. 'இப்படிப் பேசுறவ என் மகளே இல்லை'ன்னுட்டேன். அதோட பேச்சே இல்லை. இன்னிக்குச் சாயங்கால ரயிலில் வேலைக்குக் கவுஹாத்தி போறாள். ஸ்டேஷனுக்குப் போறதா வேண்டாமான்னு தெரியலை."

அம்மாள் மூன்று சுவடிகளை எடுத்து வைத்தார். ஒரே கஷாயத்துக்கு மூன்று ஊர்ப் பிரதிகள்.

"படிங்க ஐயா."

நாகர்கோவில் பிரதியைப் படித்தார். "சுக்கு, மிளகு, திப்பி..." சிரித்துவிட்டார். "கஷாயத்தை வடிகட்டினா மிஞ்சுறதுதானே திப்பி? திப்பிலின்னு எழுத வந்தவர் 'லி'யை முழுங்கிட்டார்."

திண்டுக்கல் பிரதியிலும் திப்பிதான். வேலூர்ப் பிரதியில் திப்பிலி சரியாக இருந்தது. மிளகு மட்டும் 'மிகு' ஆகியிருந்தது.

"இதில் யாருக்கு யார் உறவு?"

"முதல் ரெண்டும் ஒரே மூலத்திலிருந்து வந்தது. மூணாவது வேற வழி."

"நீங்க பார்த்தீங்களா?"

"இதைப் பார்க்க வேற வேணுமா? சரியா எழுதினதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. ஆளாளுக்குச் சரியா எழுதலாம். தப்பு ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழுந்திருந்தா தாய்ப் பத்திரம் ஒண்ணுதான்."

அம்மாள் ஒரு நெல்லிக்காயை அவர் கையில் வைத்தார்.

"இதில் இருக்கிற வைட்டமின் சி சத்தை ஆடு தன் உடம்பிலேயே செஞ்சுக்கும். நமக்கு அது முடியாது. செய்யச் சொல்ற மரபணு எழுத்து நம்ம உடம்பிலும் இருக்கு. ஆனா சிதைஞ்சு கிடக்கு."

"குரங்குக்கு?"

"சிதைஞ்சிருக்கு."

குழந்தைவேலுவின் குரல் தணிந்தது. "எந்த இடத்தில்?"

"நமக்குச் சிதைஞ்ச அதே இடத்தில்."

"வேற எதுக்காவது?"

"கினிப்பன்றின்னு சொல்ற சீமைப்பெருச்சாளிக்கும் சிதைஞ்சிருக்கு. ஆனா அது வேற விதம்."

அவர் வேலூர்ப் பிரதியை மற்ற இரண்டிலிருந்தும் தனியாக நகர்த்தி வைத்தார். பிறகு நெல்லிக்காயைக் கடித்தார். புளிப்பில் கண் சுருங்கியது.

"அவள் சொன்னது சரின்னே இருக்கட்டும். மகளே இல்லைன்னு சொன்ன வாய் இது. எந்த முகத்தோட போய் நிக்கிறது?"

"அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டு என்ன பண்ணினீங்க?"

"பாதிச் சோத்தில் எழுந்துட்டேன். கோபம் வந்தா எனக்கு அதே கிறுக்குத்தான்."

"மகள்?"

"அவளும்தான். மோர் ஊத்துறதுக்குள்ள எழுந்துட்டாள்."

அம்மாள் சுவடிகளைச் சேர்த்துக் கயிறு சுற்றினார்.

"அப்போ தாய்ப் பத்திரத்தில் என்ன ஐயா சந்தேகம்? ரயில் எத்தனை மணிக்கு?"