முனியப்பனுக்கு ஒரு நாற்காலி

கேளுங்கள் இந்த நியாயத்தை! கிணறெல்லாம் வறண்டுபோச்சே, கரட்டுக் குன்றின் அடியில் மரக்கன்று நடுகிறோம் என்று மகளிர் குழு கேட்டால், ஊராட்சித் தலைவர் அங்கப்பன், "அது முனியப்பன் நடமாடுற இடம். அவரே சபைக்கு வந்து சம்மதஞ் சொல்லட்டும்" என்றார்.

கிராம சபையன்று குழுவிலிருந்த மயிலாத்தாள் தலைவர் பக்கத்தில் ஒரு காலி நாற்காலியைப் போட்டு, அதன் கைப்பிடியில் பற்றவைத்த சுருட்டை வைத்தாள்.

"முனியப்பன் வந்துட்டாருங்க. அவருக்குச் சம்மதந்தான். கன்னு மரமாகிற வரைக்கும் உங்க வீட்டு மாடியில தங்கிக்கறாராமுங்க."

தலைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "முனியாவது கினியாவது! அங்க நான் மண் அள்ளுறது தெரியக்கூடாதுன்னு கட்டிவிட்ட கதை அது!"

பெண்கள் மண்வெட்டியோடு எழுந்தார்கள். சிரித்தபடி சுருட்டை எடுக்கத் திரும்பிய மயிலாத்தாளின் கை அப்படியே நின்றது.

காற்றே இல்லை. சுருட்டின் நுனி, யாரோ நிதானமாக இழுப்பதுபோல், சிவந்து சிவந்து அடங்கியது.