இரண்டு பிடி சோறு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. எந்த நாடு என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த நாட்டு ராஜாவுக்குத் தொப்பை விழுந்தது, அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நமக்குத் தொப்பை விழுந்தால் வேட்டியைத் தளர்த்திக் கட்டிக்கொள்வோம். ராஜாவுக்கு அது முடியுமா? இடைக்கச்சை எட்டவில்லை. உடைவாள் சரிந்து சரிந்து விழுந்தது. மனிதர் பதறிப் போனார்.

குறைத்துச் சாப்பிடுவதாகச் சபதம் போட்டார். பக்கத்து இலையில் நெய் மணந்ததும் சபதம் பறந்தது.

மடைப்பள்ளி அதிகாரி திருமேனி அப்போது மெல்ல வாயைத் திறந்தார். அவருக்கு விகடகவி சாத்தப்பனைக் கண்டாலே ஆகாது. சாத்தப்பன் தும்மினால்கூட ராஜா சிரிக்கிறாரே என்று வயிற்றெரிச்சல். சாத்தப்பனின் மகள் மரகதம் பிள்ளை பெற்று இருபது நாள்தான் ஆகியிருந்தது. அரண்மனைக்குள் அப்பாவின் வீட்டில்தான் இருந்தாள். திருமேனிக்கு அதுவும் தெரியும்.

"அரசே, மற்றவர்கள் உண்பதைப் பார்ப்பதால்தான் தங்களுக்கு ஆசை வருகிறது. அரண்மனையில் சோறு உண்ணும் எல்லோருக்கும் ஒரே அளவு என்று ஆணையிடுங்கள். வேளைக்கு ஆளுக்கு இரண்டு பிடி சோறு. பால், பருப்பு, கீரை எதுவும் கிடையாது. ஒரு பருக்கை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மீறினால் நாடு கடத்தல்."

"பலே!" என்று ராஜா முத்திரை குத்திவிட்டார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். இரண்டு வயது இளவரசன் வாயில் திணித்த சோற்றைத் துப்பிவிட்டு வீறிட்டான். மல்லுக்கட்டப் பழகும் வாலிபர்கள் இரண்டே வாயில் விழுங்கிவிட்டு இலையை முறைத்தார்கள். பல்லில்லாத ராஜமாதா ஒரு பருக்கையோடு அரை நாழிகை போராடினார். ராஜாவோ சிம்மாசனத்தில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார். அரண்மனையில் ஒருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் மரகதம் அழுதேவிட்டாள்.

"அப்பா, இவ வாயை வெச்சு வெச்சுப் பாத்துட்டு அழறாப்பா. பாலே வரல. எனக்கோ எந்நேரமும் பசிக்குது. நான் என்னப்பா செய்வேன்?"

ஊரையே சிரிக்க வைக்கிற சாத்தப்பனுக்குப் பேத்தியின் அழுகையைக் கேட்கத் தாங்கவில்லை. வெளியே ஓடினார். ஆணை ஒட்டியிருந்த வாசலுக்குப் போனார், வந்தார், மறுபடி போனார். ஐந்தாம் முறை படித்தபோது சட்டென்று நின்றார். "அட!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு நேராக யானைக் கொட்டிலுக்கு ஓடினார்.

மறுநாள் காலை திருமேனி சபைக்கு மூச்சிரைக்க வந்தார். பின்னால் நான்கு காவலர்கள் பெரிய அண்டா ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். அரிசியும் கொள்ளும் பயறும் தேங்காயும் வெல்லமும் சேர்ந்து வெந்த வாசனை. ராஜாவின் மூக்கு துடித்தது.

"அரசே! சாத்தப்பன் வீட்டில் பிடித்தேன். இவர் மகள் இதிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஆணையை மீறிவிட்டார்!"

"மீறியது உண்மைதான் அரசே" என்றார் சாத்தப்பன் கைகட்டி. "இரண்டு பிடி சோறு, ஒரு பருக்கை குறையக் கூடாது என்று ஆணை. என் மகளும் முடிந்தமட்டும் முயன்றாள். அண்டாவில் பாதிகூடத் தாண்டவில்லை. குறைவாகச் சாப்பிட்டதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள்."

"இதுவா ஐயா இரண்டு பிடி?" என்று கத்தினார் ராஜா.

"ஆம் அரசே. நம் கொட்டிலில் இருப்பவை இரண்டே பிடிகள். பவளக்கொடி ஒன்று, செங்கமலம் ஒன்று. அந்த இரண்டு பிடியும் ஒரு வேளைக்கு உண்ணும் சோறு இது."

பெண் யானைக்கும் பிடி என்றுதானே பெயர்! சபையில் கொல்லென்று சிரிப்பு. ராஜாவுக்கு உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"நான் சொன்னது கைப்பிடி!"

"யார் கைப்பிடி என்று ஆணையில் இல்லையே அரசே? திருமேனியாரின் கைப்பிடி என்றால் இளவரசரால் அவ்வளவு தின்ன முடியுமா? வளர்கிற வாலிபருக்கு அது பற்றுமா? ராஜமாதாவுக்குப் பிடி போதும், குழைய வேக வேண்டும். பச்சைக் குழந்தைக்குத் தாய் உண்பதுதான் பாலாகிறது. அதனால் என் மகளுக்கு இப்போது நான்கு கை. அவள் கை இரண்டு, குழந்தையின் கை இரண்டு."

ராஜா அண்டாவை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு?" என்று தணிந்து கேட்டார்.

"தங்கள் கைப்பிடியே தங்களுக்குப் போதும் அரசே. நாற்பதுக்கு மேல் கை வளர்வதில்லை. தாங்களும் வளர வேண்டியதில்லை."

ராஜா தொப்பையைப் பார்த்துக்கொண்டார். ஆணையை வாங்கிக் கிழித்தார். "இனி அவரவர் வயதுக்கு ஏற்ற சோறு. பாலும் பருப்பும் கீரையும் உண்டு. சாத்தப்பரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒரு கறவைப் பசு போதும் அரசே. மகளுக்கு."

"கன்றோடு ஓட்டிச் செல்லும். ஓய் திருமேனி! எழுதிக் கொடுத்தவர் நீர்தானே? இன்று ஒருவேளை மட்டும் நீர் பழைய ஆணைப்படி சாப்பிடும். இரண்டு பிடி சோறு. ஒரு பருக்கை குறையக் கூடாது."

திருமேனி அண்டாவைப் பார்த்தார். எச்சிலை விழுங்கினார். "எந்தப் பிடி, அரசே?"

அவ்வளவுதான். ராஜா சிரித்த சிரிப்பில் தொப்பை குலுங்கி, உடைவாள் கழன்று கீழே விழுந்தது.

அன்று குழந்தை வயிறாரப் பால் குடித்துத் தூங்கியது. பல நாள் கழித்து மரகதமும் தூங்கினாள். திருமேனி மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.