சர்வருக்கு வைத்த சந்தனம்

"டீச்சர், இந்த மூணுல எது நல்ல சர்வர்?"

மூன்று கொட்டேஷனையும் மேஜையில் வரிசையாக வைத்தேன்.

செய்தூன் டீச்சர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாருடைய கம்ப்யூட்டரையோ பிரித்துப்போட்டு, திருப்புளியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"பழசு எப்படிப் போச்சு?"

"வயசாயிட்டு டீச்சர்."

"எத்தன?"

"ஏழு."

டீச்சர் திருப்புளியால் தலைக்கு மேலே சுற்றிய ஃபேனைக் காட்டினார்.

"அதுக்கு இருபத்திரெண்டு."

நான் ஃபேனைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

"நாளைக்கு அந்தப் பழசத் தூக்கிட்டு வாங்க அண்ணாச்சி."

"அதான் செத்துப்போச்சே டீச்சர்."

"செத்ததத்தான் கேக்கேன்."

அவ்வளவுதான். மறுபடி திருப்புளி.

டீச்சருக்கு என்னைவிடப் பதினெட்டு வயது குறைவு. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்த ஆபீசில் கம்ப்யூட்டர் படுத்தாலும் அந்த மாடிப்படிதான் ஏறுவார்கள். பேச்சு ரொம்பக் குறைவு. ஒரு கேள்வி கேட்பார், நாம் வீடு போய்ச் சேரும்வரை அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே போவோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேர் சங்கரபாண்டியன், வயது ஐம்பத்து மூன்று. பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து கொடுக்கும் ஒரு சின்ன ஆபீசில் மேனேஜர். மொத்தம் ஏழு பேர். அங்கே "கம்ப்யூட்டர் தெரிஞ்சவர்" என்றால் நான்தான். மற்ற ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியாது, எனக்குக் கொஞ்சம் தெரியும். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீசில் போன் எடுப்பவள் இசக்கியம்மாள். பிறந்ததிலிருந்து பார்வை கிடையாது. அரசுத் தேர்வுக்குப் படிக்கிறாள், இது மூன்றாவது தடவை. போன தடவை இரண்டு மார்க்கில் போய்விட்டது.

இந்தத் தடவை அவளுக்காகவே பதினோரு புத்தகம். நாலு பேர் மாலைதோறும் வந்து, ஆறு மாதம் தொண்டை வறள வாசித்தார்கள். எல்லாம் முடிந்து, பிழை பார்த்த பிறகுதான் பதிவை வெளியே கொடுப்பது எங்கள் வழக்கம். அதுவரை, ஆபீஸ் பதிவெல்லாம் சேர்த்து வைக்கும் சர்வர் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை அவள் கையில் கொடுப்பதாக இருந்தோம்.

சனிக்கிழமை சர்வர் போய்விட்டது.

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு டிஸ்க்கில் வாராவாரம் நகல் எடுத்து வைப்பது என் பொறுப்பு. அந்த டிஸ்க் வைகாசியிலேயே நிரம்பிவிட்டது. இன்னொன்று வாங்கணும், வாங்கணும் என்று கார்த்திகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை இசக்கி வந்து நின்றாள். "சார், புத்தகம்?"

"புது சர்வர் வந்ததும் எல்லாம் வந்துரும்மா."

எப்படித்தான் அந்தப் பொய் வாயில் வந்ததோ! புது சர்வர் வாங்கினால் பழைய பதிவு எங்கிருந்து வரும்? புதுப் பானை வாங்கினால் கொட்டிப்போன சோறு வருமா? அவள் நம்பினாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டதும் கேட்பாள், "சார், புது சர்வர் வந்துட்டா?"

அதற்காகத்தான் இந்த ஓட்டம். நல்ல சர்வர், ஊரிலேயே நல்ல சர்வர் வாங்கிப்போட்டுவிட்டால் என் மானம் எப்படியாவது தப்பிவிடும் என்று ஒரு நினைப்பு. மூன்று கடை ஏறி இறங்கி மூன்று கொட்டேஷன் வாங்கினேன். தேர்வுக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் பழைய சர்வரை ஆட்டோவில் ஏற்றும் முன்னால், ஈரத்துணி எடுத்து அதன் முகத்தில் ஓர் இடத்தை மட்டும் துடைத்தேன். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். சொல்லித்தானே ஆகவேண்டும்.

டீச்சர் அதை மேஜையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மேலே ஒரு பொட்டு, பக்கத்துக்கு ஒரு பொட்டு. சந்தனம் வைத்து நடுவில் குங்குமம். ஆயுத பூசைக்கு வைத்தது, காய்ந்து வெடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் ஏழு வருடத்துத் தூசி.

"எங்கிட்ட வர்ற மிசின் எல்லாத்துலயும் பொட்டு இருக்கும் அண்ணாச்சி. நான் தொடவே மாட்டேன். வச்சவுக மனசு கஷ்டப்படும்லா."

"நல்ல குணம் டீச்சர்."

"இதுல மேல ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முன்னாடி வைக்கலியா?"

நான் மறுபடி ஃபேனைப் பார்த்தேன்.

"வச்சோம்... உதிர்ந்துட்டு போல."

டீச்சர் விரலை வைத்துத் தடவினார். முகமெல்லாம் தூசி, நடுவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு மட்டும் பளபளவென்று சுத்தம். அந்தச் சுத்தத்தின் நடுவில் ஒரு சின்ன விளக்கு.

"உதிர்ந்தா தூசியுமா சேந்து உதிரும்?"

காலையில் துடைத்த ஈரத்துணி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

டீச்சர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் பாட்டுக்கு சர்வருக்குக் கரண்ட் கொடுத்தார். உள்ளே டிக், டிக் என்று நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம். அந்தச் சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கியது.

"இதுல ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு தாங்கும். முதல் டிஸ்க் போன அன்னைக்கே இந்த விளக்கு எரிஞ்சிருக்கும். அன்னைக்கு ஒரு டிஸ்க்க மாத்தியிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. எப்ப எரிஞ்சுது அண்ணாச்சி?"

"ஆயுத பூசைக்கு ஒரு வாரம் முன்னாடி."

"ம்."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்.

விளக்கு எரிந்த அன்று, எனக்கும் மேலே உள்ள எங்கள் நிர்வாகி அந்தப் பக்கம் போகிறபோது, "இது என்னய்யா ஆரஞ்சு லைட்டு?" என்று கேட்டார். எல்லாரும் இருந்தார்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வேண்டியதுதானே? "அது பவர் லைட்டு சார், நல்லா ஓடுதுன்னு அர்த்தம்" என்றேன், ஏதோ நானே செய்த மிசின் மாதிரி. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அப்புறம் சர்வரோடு வந்த புத்தகத்தைப் படித்துப் பார்த்தேன். ஒரு டிஸ்க் போய்விட்டது, உடனே மாற்றவும் என்று போட்டிருந்தது. மாற்றணும் என்றால், அன்றைக்கு எல்லார் முன்னாலும் சொன்னது தப்பு என்று சொல்லணும். இன்னைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். விளக்கோ என்னையே பார்த்து மினுக்கிக்கொண்டிருந்தது. ஆயுத பூசை வந்தது. சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மிசினாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். சர்வருக்கு முன்னால் வந்ததும், கை தானாக அந்த விளக்கின் மேல் போயிற்று.

பெரிய பொட்டாகவே வைத்தேன்.

"பக்தியா வைக்காருன்னு எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க டீச்சர்." சாமி பேரைச் சொல்லி மறைத்தவன் நான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

டீச்சர் கரண்டை நிறுத்தினார். டிக், டிக் நின்றது.

"இதுல இருந்து இனிமே ஒண்ணும் எடுக்க முடியாது அண்ணாச்சி. டிஸ்க்குக்கு உள்ள சுத்துற தட்டுல கீறல் விழுந்துட்டு."

தெரிந்ததுதான்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார். "விளக்கு மட்டும் எரியாது. இது கத்தவும் செய்யும். பீப்பு, பீப்புன்னு. ஒருத்தர் காதுலயுமா விழல?"

இதைத்தான் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

"விழுந்துச்சு."

"யாரு காதுல?"

"இசக்கி காதுல. அவ சீட்டு சர்வர் ரூமுக்கு வெளியதான். 'சார், உள்ள என்னமோ கத்துது சார்'னு வந்து சொன்னா."

"நீங்க என்ன செஞ்சிய?"

"கத்துறத நிறுத்தி வச்சேன். அதுக்கு உள்ளயே ஒரு வழி இருக்கு."

டீச்சர் முதல்முறையாகத் திருப்புளியைக் கீழே வைத்தார்.

"அவகிட்ட என்ன சொன்னிய?"

"ஒண்ணுமில்லம்மா, நீ உன் வேலையைப் பாருன்னேன்."

மாடிக்குக் கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டீச்சர் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். குடித்தேன். சட்டையில் பாதி கொட்டிக்கொண்டேன்.

பிறகு மேஜையில் நேற்றிலிருந்து கிடந்த மூன்று கொட்டேஷனையும் அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"எத வாங்கணும்னு அந்தப் பிள்ளகிட்ட கேளுங்க."

"இசக்கிகிட்டயா? அவளுக்கு சர்வரப் பத்தி என்ன டீச்சர் தெரியும்?"

டீச்சர் அந்தச் சுத்தமான வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். அதற்கப்புறம் அங்கே உட்கார எனக்கு முகம் இல்லை.

ஆபீசுக்கு வந்தேன். படியில் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, அதற்குள் இசக்கி தலை நிமிர்ந்துவிட்டது.

"சார், புது சர்வர் வந்துட்டா?"

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். பார்வை இருக்கிறவர்கள் முன்னால் தலையைக் குனிந்துகொள்ளலாம், அதுவே பாதி சொல்லிவிடும். இவள் முன்னால் வாய் திறந்து முழுசாகச் சொன்னால்தான் உண்டு.

சொன்னேன். விளக்கைச் சொன்னேன். நிர்வாகியிடம் அளந்ததைச் சொன்னேன். சந்தனத்தைச் சொன்னேன். நகல் எடுக்காததைச் சொன்னேன். சர்வர் வந்தாலும் புத்தகம் வராது என்பதைச் சொன்னேன். அவள் வந்து சொன்ன அன்று சத்தத்தை நிறுத்தியதைக் கடைசியில் சொன்னேன்.

போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது.

"பதினொண்ணும் போயிட்டா சார்?"

"போயிட்டும்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடக் கூடாதா என்றிருந்தது.

"நாலு பேரும் மறுபடி ஆறு மாசம் வாசிக்க முடியாதுல்லா" என்றாள்.

"நான் வாசிக்கேன். இன்னைக்கே ஆரம்பிச்சு, காலையில இருந்து பொழுது சாயிறவரைக்கும். முப்பத்தேழு நாள் இருக்கு. எந்தப் புத்தகம் முதல்ல வேணும்னு மட்டும் சொல்லு."

"வரலாறு." கொஞ்சம் கழித்து, "உங்க குரல் தகரத்தத் தரையில இழுக்க மாதிரி இருக்கும் சார்" என்றாள்.

"இருக்கும்மா."

"பரவால்ல. தூக்கம் வராது."

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அலமாரியிலிருந்து வரலாற்றுப் புத்தகத்தை எடுத்து வந்தேன். கையிலிருந்த காகிதங்கள் சரசரத்தன.

"அது என்ன சார்?"

"சர்வர் கொட்டேஷன். மூணு இருக்கு. எதை வாங்கணும்னு உங்கிட்ட கேக்கச் சொன்னாங்க, செய்தூன் டீச்சர்."

"எங்கிட்டயா?"

"ஆமா."

யோசித்தாள். "சரி, வாசிங்க."

வாசித்தேன். எத்தனை டிஸ்க், எவ்வளவு மெமரி, எவ்வளவு வேகம், எத்தனை வருடம் வாரண்டி, என்ன விலை, எல்லாம். ஒரு வரி விடவில்லை. மூன்றாவது காகிதம் முடிய அரைமணி ஆயிற்று. அவள் தலையைச் சாய்த்து, ஒவ்வொன்றையும் கவனமாகக் கேட்டாள்.

"முடிஞ்சுதா சார்?"

"முடிஞ்சுதும்மா."

"இதுல எது சார் நல்லா சத்தமா கத்தும்?"